ஒழுங்கற்ற வினைகளில் ஒழுங்கைக் கண்டவர்: அந்திரேஸ் பெய்யோ

ஸ்பானிய மொழியை மூன்றாம் மொழியாக எடுத்துப் படிப்பவர்கள் முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். எழுத்தைப் பார்த்தவுடன் உச்சரித்துவிடலாம். இலக்கணமும் எளிதுபோலத் தெரியும். ‘தெனேர்’ என்ற வினைச்சொல் பாடத்தில் வந்ததும் நிலைமை மாறிவிடும்.

தெனேர் என்றால் ‘உடையவராக இருத்தல்’. பணம், நேரம், உடன்பிறந்தவர்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வேண்டும். வயதைச் சொல்லவும் பசியைச் சொல்லவும் காய்ச்சலைச் சொல்லவும்கூட இதுதான். ‘எனக்கு இருக்கிறது’ என்பதற்குத் தெங்கோ. ‘உனக்கு இருக்கிறது’ என்றால் தியேனெஸ். ‘எங்களுக்கு’ என்றால் தெனேமோஸ். முன்பு இருந்தது என்றால் தூவே. இனி இருக்கும் என்றால் தெந்த்ரே. விருப்பத்தையோ ஐயத்தையோ சொல்ல வேண்டுமானால் தெங்கா, துவியேரா. இவை எல்லாம் ஒரே சொல்லின் வடிவங்களா என்று மாணவர் திகைத்துப்போவார். பெரும்பாலோர் அட்டவணையை மனப்பாடம் செய்து தேர்வை முடித்துவிடுவார்கள்.

அந்த அட்டவணைக்குள் ஓர் அமைப்பு இருக்கிறது என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் அந்திரேஸ் பெய்யோ. வெனிசுவேலாவில் பிறந்து, லண்டனில் 19 ஆண்டுகள் வறுமையில் வாழ்ந்து, சிலி நாட்டில் மறைந்தவர். கவிஞர், சட்ட அறிஞர், பல்கலைக்கழகத் தலைவர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஆனால் இளமையில் தொடங்கி முதுமை வரை அவர் விடாமல் சிந்தித்த பொருள்களுள் ஒன்று ஸ்பானிய வினைச்சொல்.

கராகஸ் நகரத்து மாணவர்

பெய்யோ 1781ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி கராகஸ் நகரில் பிறந்தார். அப்போது வெனிசுவேலா ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. தந்தை பர்த்தொலொமே பெய்யோ வழக்கறிஞர், இசையும் அறிந்தவர். தாயார் பெயர் அனா அந்தோனியா லோப்பெஸ். வீட்டுக்கு அருகில் இருந்த மடத்தில் கிறிஸ்தோபல் தெ கெசாதா என்ற துறவியிடம் சிறுவன் லத்தீன் கற்றான். வெர்ஜில் எழுதிய ஈனீட் காவியத்தின் ஒரு பகுதியை இருவரும் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தபோது, 1796இல் ஆசிரியர் காலமானார். ஆனால் ஒரு சொல்லின் ஈறு மாறினால் பொருள் எப்படி மாறுகிறது என்று கூர்ந்து பார்க்கும் பழக்கம் மாணவரிடம் நிலைத்துவிட்டது.

1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிவியலாளர் அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட் கராகஸுக்கு வந்திருந்தார். நகருக்கு மேலே எழும் சில்யா மலையை ஆராய அவர் ஏறியபோது உடன் சென்ற குழுவில் 18 வயது பெய்யோவும் இருந்தார். அதே ஆண்டில் கராகஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டையும் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். வருமானத்துக்காகச் சில இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தார். அவர்களில் ஒருவர், அவரைவிட இரண்டு வயது மட்டுமே இளையவரான சிமோன் பொலிவார். பின்னாளில் தென்னமெரிக்காவின் பல நாடுகளை விடுவித்த அதே பொலிவார்தான்.

1802இல் பெய்யோ காலனித்துவ அரசின் செயலகத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1808இல் கராகஸுக்கு முதல் அச்சு இயந்திரம் வந்தது. அதில் அச்சான ‘கசெத்தா தெ கராகஸ்’ செய்தித்தாளுக்கு அவரே ஆசிரியர் பணியாற்றினார். வினைச்சொல்லின் காலங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு இந்தக் கராகஸ் ஆண்டுகளிலேயே வேர்விட்டது என்று கருதப்படுகிறது. ஆனால் அது அச்சேற 30 ஆண்டுகள் ஆயின. காரணம், வரலாறு குறுக்கே வந்தது.

லண்டனில் 19 ஆண்டுகள்

1810 ஏப்ரல் 19ஆம் தேதி கராகஸ் மக்கள் ஸ்பானிய ஆளுநரை நீக்கிவிட்டுத் தங்கள் சொந்த ஆட்சிக் குழுவை அமைத்தனர். பிரிட்டனின் ஆதரவைக் கேட்க மூவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். பொலிவாரும் லூயிஸ் லோப்பெஸ் மெந்தெஸும் தூதர்கள். ஆங்கிலம் அறிந்த பெய்யோ செயலாளர். அப்போது அவருக்கு 28 வயது. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் புறப்பட்ட பயணம் அது. அதன்பின் அவர் தம் தாயாரையும் பிறந்த ஊரையும் ஒருபோதும் பார்க்கவில்லை.

லண்டனில் அவர்களை வரவேற்றவர் விடுதலை இயக்கத்தின் மூத்தவரான பிரான்சிஸ்கோ தெ மிராந்தா. அவர் வீட்டில் பெரிய நூலகம் இருந்தது. பொலிவாரும் மிராந்தாவும் அந்த ஆண்டுக்குள்ளேயே போர்க்களம் நோக்கி வெனிசுவேலாவுக்குப் போய்விட்டார்கள். பெய்யோ அந்த நூலகத்தோடு தங்கிவிட்டார். கிரேக்க மொழியை அவர் கற்றது அங்குதான்.

1812இல் கராகஸைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதே ஆண்டில் முதல் குடியரசும் வீழ்ந்தது. தூதுக்குழுவுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனது. விடுதலைத் திட்டத்தை ஆளுநரிடம் காட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்ற ஆதாரமற்ற பழி ஒன்றும் கிளம்பி, வாழ்நாள் முழுவதும் அவரை வருத்தியது. அவர் பிழைப்புக்காக ஸ்பானிய மொழி கற்பித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் கிறுக்கலான கையெழுத்துப் படிகளைப் படித்துப் பிரதியெடுக்கும் வேலையும் செய்தார்.

1814இல் மேரி ஆன் போய்லண்ட் என்ற பெண்ணை மணந்தார். 1821இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. ஒரு கைக்குழந்தையும் இறந்தது. 1824இல் எலிசபெத் டன் என்பவரை மறுமணம் செய்தார்.

இத்தனைக்கும் நடுவில் பெய்யோ பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் வாசிப்பறைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஸ்பானிய மொழியின் மிகப் பழைய காவியமான ‘சித்’ பற்றிய ஆய்வை அங்கே தொடங்கினார். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஸ்பானிய மொழியில் வினைகள் எப்படி இருந்தன என்று பார்த்தபோது, இன்று ஒழுங்கற்றதாகத் தோன்றும் பல வடிவங்களுக்கு வரலாறு இருப்பது அவருக்குத் தெரிந்தது.

தெந்த்ரே என்ற எதிர்கால வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்பானிய எதிர்காலம், வினையின் மூல வடிவத்தோடு ‘எனக்கு உண்டு’ என்ற பொருளுடைய ‘எ’ என்ற துணைவினை ஒட்டிப் பிறந்தது. தெனேர் + எ. வேகமாகச் சொல்லும்போது நடுவில் இருந்த உயிரெழுத்து தேய்ந்தது. ‘ன்’ ஒலியும் ‘ர்’ ஒலியும் நெருங்கியபோது இடையில் ‘த்’ ஒலி தானாக நுழைந்தது. தெந்த்ரே பிறந்தது. யாரும் மாணவர்களைத் துன்புறுத்துவதற்காக அதை உருவாக்கவில்லை.

சிலி அழைத்தது

லண்டனில் இருந்தபடியே முதலில் சிலியின் தூதரகத்திலும் பிறகு கொலம்பியாவின் தூதரகத்திலும் பெய்யோ செயலாளராகப் பணியாற்றினார். கொலம்பியாவிலிருந்து சம்பளம் ஒழுங்காக வரவில்லை. சிலி அரசு வேலை கொடுத்து அழைத்தது. 1829 பிப்ரவரியில் குடும்பத்துடன் கப்பல் ஏறினார். அவரை இழந்துவிடக்கூடாது என்று பொலிவார் கடிதம் எழுதினார். ஆனால் அதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஜூன் மாதத்தில் வால்பராய்சோ துறைமுகத்தில் இறங்கியபோது பெய்யோவுக்கு 47 வயது. சிலி அப்போது உள்நாட்டுப் போரின் விளிம்பில் இருந்தது.

அடுத்த 36 ஆண்டுகளும் அவர் அந்த நாட்டுக்காகவே உழைத்தார். அரசு அதிகாரியாக வெளியுறவுக் கடிதங்களை எழுதினார். ‘எல் அரவுக்கானோ’ இதழில் ஆசிரியர் பணி செய்தார். 1837 முதல் செனட்டர். 1842இல் சட்டப்படி நிறுவப்பட்டு 1843 செப்டம்பரில் திறக்கப்பட்ட சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

1841இல், லண்டனுக்கும் சந்தியாகோவுக்கும் கூடவே வந்த அந்தப் பழைய ஆய்வைச் சிறு நூலாக வால்பராய்சோவில் வெளியிட்டார். ஸ்பானிய வினையின் காலங்களைப் பகுத்தாராயும் நூல் அது.

காலங்களுக்குப் புதிய பெயர்கள்

அதுவரை ஸ்பானிய இலக்கண நூல்கள் லத்தீன் இலக்கணத்தின் பெயர்களையே பயன்படுத்தின. ‘முற்றுப்பெற்ற இறந்தகாலம்’, ‘முற்றுப்பெறாத இறந்தகாலம்’, ‘முற்றுப்பெற்றதினும் மேலான இறந்தகாலம்’ என்று பெயர்கள் நீண்டன. அவற்றைக் கேட்டால் வடிவத்தை எங்கே பயன்படுத்துவது என்று புரியாது.

பெய்யோ எளிய கேள்வியிலிருந்து தொடங்கினார். பேசுபவர் ஒரு புள்ளியில் நிற்கிறார். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் ஒரு செயல் மூன்று வகையில்தான் இருக்க முடியும்: முன்பு, உடன், பின்பு. இவைதான் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்: தூவே, தெங்கோ, தெந்த்ரே. தமிழில் நாம் படிக்கும் மூன்று காலங்களும் இவையே.

பிறகு அவர் ஒரு படி மேலே போனார். பேசும் நேரத்துக்குப் பதிலாக, கடந்துபோன வேறொரு நேரத்தையும் அளவுகோலாக வைக்கலாம். அப்போது அதற்கும் முன், உடன், பின் உண்டு. இதை ‘ஆந்தே’ (முன்), ‘கோ’ (உடன்), ‘போஸ்’ (பின்) என்ற மூன்று முன்னொட்டுகளால் குறித்தார்.

நீ வந்தபோது எனக்குக் காய்ச்சல் இருந்தது. இங்கே காய்ச்சல், வருகை என்ற கடந்த நிகழ்வோடு ஒரே நேரத்தில் நிற்கிறது. ஸ்பானிய மொழியில் இதற்கு ‘தெனீயா’ வேண்டும். பெய்யோ இதற்கு ‘கோப்ரெத்தேரித்தோ’ என்று பெயர் வைத்தார். இறந்தகாலத்தோடு உடன் நிகழ்வது என்று பொருள்.

மறுநாள் தனக்கு நேரம் இருக்கும் என்று அவள் போன வாரம் சொன்னாள். இங்கே நேரம் இருப்பது, அவள் சொன்ன கடந்த கணத்துக்குப் பின்னால் வருகிறது. தமிழில் ‘இருக்கும்’ என்றே விட்டுவிடுகிறோம். ஸ்பானிய மொழியில் ‘தெந்த்ரீயா’ என்று மாற்ற வேண்டும். இது ‘போஸ்ப்ரெத்தேரித்தோ’, இறந்தகாலத்துக்குப் பிந்தியது.

நீ வருவதற்கு முன்பே காய்ச்சல் வந்து போயிருந்தது என்றால் ‘அபீயா தெனீதோ’. இது தெனீயாவுக்கும் முந்தியது; ஆகவே ‘ஆந்தேகோப்ரெத்தேரித்தோ’. பெயர் நீளம்தான். ஆனால் அதைப் பிரித்துப் படித்தாலே செயல் எங்கே நிற்கிறது என்று கணக்குப்போல் தெரிந்துவிடும். இப்படி இயல்பு நிலைக்கு மொத்தம் பத்து வடிவங்கள்: ஐந்து தனிச்சொற்கள், துணைவினை சேர்ந்த ஐந்து கூட்டுவடிவங்கள். பத்தும் ஒரே முறையில் அடங்கின.

தெந்த்ரீயா போன்ற வடிவத்தை நிபந்தனை காட்டும் தனி வகையாகப் பிரித்து வைக்கும் வழக்கம் பிற்காலத்திலும் இருந்தது. பெய்யோ அதை இயல்பு நிலைக் காலங்களோடு சேர்த்தார். ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் 1973இல் வெளியிட்ட இலக்கண வரைவில் அதே இடத்தில் அதை வைத்தது.

நினைப்பதும் நம்பாததும்

ஸ்பானிய வினையின் இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தில் ‘மூட்’ எனப்படும் வினைப்பாங்கு. உனக்கு நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன் என்றால் ‘தியேனெஸ்’. உனக்கு நேரம் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை என்றால் அதே இடத்தில் ‘தெங்காஸ்’. முதல் வாக்கியத்தில் பேசுபவர் செய்தியை உறுதியாக முன்வைக்கிறார். இரண்டாவதில் உறுதி இல்லை. விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்கும் இந்த இரண்டாம் பாங்குதான்.

எந்த வினைக்குப் பின் எந்தப் பாங்கு வரும் என்பதைக் கொண்டே பாங்கை வரையறுக்க வேண்டும் என்றார் பெய்யோ. ‘நம்புகிறேன்’, ‘அஞ்சுகிறேன்’, ‘ஐயப்படுகிறேன்’ என்று முதலில் ஒரு சொல்லை வைத்து, அதன்பின் எந்த வடிவம் பொருந்துகிறது என்று சோதிக்கலாம். மனநிலையைப் பற்றிய மங்கலான விளக்கத்தைவிட இந்தச் சோதனை மாணவர்களுக்கு உதவும். இன்றைய வகுப்புகளிலும் இது பயன்படுகிறது.

தெனேர் குடும்பம்

1847இல் பெய்யோவின் பெரும் இலக்கண நூல் சந்தியாகோவில் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மகன் பிரான்சிஸ்கோ மறைந்திருந்தார். அந்த மகன் லத்தீன் இலக்கண நூல் எழுதியவர். 30 வயதைக்கூட எட்டவில்லை. பெய்யோவுக்கு இரு மணங்களிலும் சேர்த்து 15 பிள்ளைகள். அவர்களில் பலரை அவர் தம் கண் முன்னாலேயே பறிகொடுத்தார்.

அந்த நூலில் ஒழுங்கற்ற வினைகளுக்குத் தனி இடம் உண்டு. முதலில் அவர் ஒரு போலிச் சிக்கலை நீக்கினார். ‘தொடுகிறேன்’ என்பதற்குத் தோக்கோ. ‘தொட்டேன்’ என்பதற்குத் தோக்கே. ஸ்பானிய எழுத்தில் முதலாவதில் ஓர் எழுத்தும் இரண்டாவதில் வேறு எழுத்துகளும் வருகின்றன. ஆனால் ஒலி மாறவில்லை. எழுத்து மாறுவது ஒழுங்கின்மை ஆகாது, ஒலி மாறினால்தான் ஒழுங்கின்மை என்றார். மேலே பாருங்கள், தமிழ் எழுத்தில் எழுதினால் அந்த மாற்றமே கண்ணில் படவில்லை.

அடுத்தது முக்கியமானது. ஒழுங்கின்மை கண்டபடி வருவதில்லை. குடும்பம் குடும்பமாக வருகிறது. ஒரு வடிவம் மாறினால் அதன் உறவு வடிவங்களும் சேர்ந்தே மாறும். தெனேர் வினையில் இதைப் பார்க்கலாம்.

தெங்கோ என்பதில் புதிதாக ஒரு ‘க’ ஒலி வருகிறது. நிகழ்காலத்தில் ‘நான்’ என்ற இடத்தில் மட்டும் வரும் இந்த ஒலி, இரண்டாம் பாங்கின் நிகழ்காலம் முழுவதும் பரவுகிறது: தெங்கா, தெங்காஸ், தெங்காமோஸ், தெங்கான். ஒன்று தெரிந்தால் மற்றவை தெரிந்தமாதிரி.

தியேனெஸ், தியேனே, தியேனென் ஆகியவற்றில் ‘தெ’ என்பது ‘தியே’ ஆகிறது. அசையழுத்தம் வினையடியின்மேல் விழுவதுதான் காரணம். தெனேமோஸ் என்பதில் அழுத்தம் ஈற்றுக்குப் போய்விடுகிறது. ஆகவே அடி பழையபடி ‘தெ’ ஆகவே நிற்கிறது.

தூவே என்ற இறந்தகாலத்தில் அடி முழுவதும் மாறிவிடுகிறது. ஆனால் துவியேரா, துவியேசே, துவியேரே என்று இரண்டாம் பாங்கில் வரும் வடிவங்களும் அதே புதிய அடியைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

தெந்த்ரே தெரிந்தால் தெந்த்ரீயா தானாகவே வரும். ‘வைத்துக்கொள்’ என்று ஏவும்போது வரும் ‘தென்’ மட்டும் தனியாக நிற்கும் குறுகிய வடிவம். தெனீயா முழுக்க முழுக்க ஒழுங்கானது.

ஆக, தெங்கோ, தியேனெஸ், தூவே, தெந்த்ரே ஆகிய நான்கு சாவிகளும் ‘தென்’ என்ற ஒரு சிறு சொல்லும் இருந்தால் அட்டவணையின் எல்லாக் கதவுகளும் திறக்கும். அதோடு முடியவில்லை. ‘வருதல்’ என்ற பொருளுடைய வெனீர் வினையும் இதே வழியில் போகிறது: வெங்கோ, வியேனெஸ், வீனே, வெந்த்ரே, வென். தமிழிலும் வா, தா இரண்டும் இப்படித்தானே சேர்ந்து நடக்கின்றன: வந்தான், தந்தான், வருவான், தருவான். ஒன்றைக் கற்ற குழந்தை மற்றதைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் குடும்பத்துக்குள் அடைத்துவிடலாம் என்று பெய்யோ பிடிவாதம் பிடிக்கவில்லை. ‘இருத்தல்’ என்ற பொருள் தரும் செர், ‘போதல்’ என்ற பொருள் தரும் ஈர் போன்றவை எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. அவற்றைத் தனியன்கள் என்று ஒதுக்கி, தனி அதிகாரத்தில் வைத்தார்.

மொழி யாருக்குச் சொந்தம்?

நூலின் தலைப்பே சர்ச்சைக்குரியது. அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கான ஸ்பானிய இலக்கணம் என்று அதற்குப் பெயரிட்டார். ஸ்பெயினில் உள்ளவர்களுக்குத் தாம் பாடம் எடுக்க வரவில்லை என்றும் முன்னுரையில் தெளிவுபடுத்தினார். விடுதலை பெற்று ஒரு தலைமுறையே கடந்திருந்த காலம் அது. ஸ்பெயினைத் துரத்திவிட்டு ஸ்பெயினின் மொழியை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இளைஞர்களிடம் இருந்தது.

1842இல் வால்பராய்சோவின் ‘எல் மெர்க்கூரியோ’ நாளிதழில் இதைப் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. அர்ஜென்டினாவிலிருந்து தஞ்சம் புகுந்திருந்த தொமிங்கோ சார்மியெந்தோ ஒரு பக்கம். பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரானவர் அவர். மொழியை உருவாக்குவது மக்கள். இலக்கணக்காரர்கள் அதைக் கட்டிப்போடுகிறார்கள் என்பது அவர் வாதம். பெய்யோ மறுபக்கம் நின்றார். சட்டத்தைப்போல் மொழியையும் ஆராய்ந்து காப்பவர்கள் தேவை என்று புனைபெயரில் எழுதினார்.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ரோமப் பேரரசு உடைந்தபின் லத்தீன் சிதறிப் பல மொழிகள் ஆனது. ஸ்பானியப் பேரரசு உடைந்தபின் மெக்சிகோவிலும் பெருவிலும் சிலியிலும் அதுவே நடந்தால், அண்டை நாட்டார் எழுதிய சட்டத்தையோ கடிதத்தையோ படிக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார். புதிய நாடுகளிடம் பொதுவாக எஞ்சியிருந்த பெரிய சொத்து மொழிதான்.

அதேவேளையில், ஸ்பெயினில் பேசப்படுவது மட்டுமே சரி என்று அவர் ஏற்கவில்லை. ஸ்பெயினின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வழக்கு இருக்கலாம் என்றால் சிலிக்கும் வெனிசுவேலாவுக்கும் அதே உரிமை உண்டு என்றார். படித்தவர்களிடம் பரவலாக நிலைத்துவிட்ட வழக்கு எதுவோ, அதுவே சரி என்பது அவர் அளவுகோல்.

இந்த அளவுகோலிலும் குறை உண்டு. படிக்காதவர்களின் பேச்சுக்கு அதில் இடம் குறைவு. சிலியில் பலர் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்று சொல்லி வந்தார்கள். 1830களில் ‘எல் அரவுக்கானோ’வில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதிய கட்டுரைகளில் பெய்யோ அதைக் கண்டித்தார். அவர் அதில் முழு வெற்றி பெறவில்லை. இன்றும் அர்ஜென்டினாவில் ‘வோஸ் தெனேஸ்’ என்கிறார்கள். சிலி இளையர்கள் நண்பர்களிடம் ‘தெனீஸ்’ என்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெனேஸ், தெனீஸ் இரண்டிலும் அழுத்தம் ஈற்றில் விழுகிறது. அதனால் இரண்டிலும் ‘தியே’ வரவில்லை. பெய்யோ விரும்பாத வடிவங்களும் பெய்யோ விளக்கிய விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன. படிப்பறிவு இல்லாதவர் பேசினாலும் மொழி தன் ஒழுங்கை விடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சட்டத்துக்குள் இலக்கணம்

பெய்யோவின் இன்னொரு பெரும்பணி சிலியின் குடியியல் சட்டத் தொகுப்பு. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1855இல் ஏற்கப்பட்டு, 1857 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஈக்குவடோர், கொலம்பியா உள்ளிட்ட நாடுகளும் அதைப் பின்பற்றின. திருமணம், சொத்து, வாரிசுரிமை, ஒப்பந்தம் எல்லாம் அதில் அடங்கும்.

அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, சட்டச் சொற்களை மக்களின் பொது வழக்கில் உள்ள இயல்பான பொருளிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. இலக்கண ஆசிரியரின் கை அதில் தெரிகிறது. இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. இன்று பேச்சில் மறைந்துவிட்ட ‘துவியேரே’ போன்ற எதிர்கால ஐய வடிவங்களை அந்தச் சட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம். ஒருவருக்குப் பிள்ளைகள் ‘இருப்பார்களேயானால்’ என்ற வகை நிபந்தனைகளுக்கு அது பொருத்தமான வடிவம். வினைச்சொல்லின் ஓர் ஈறு, ஒரு குடும்பத்தின் வீடு யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அது.

கடைசி ஆண்டுகள்

முதுமையில் பெய்யோவின் கால்கள் செயலிழந்தன. ஆனாலும் மேசையை விட்டு அவர் விலகவில்லை. இலக்கண நூலை அடுத்தடுத்த பதிப்புகளுக்காகத் திருத்திக்கொண்டே இருந்தார். லண்டனில் தொடங்கிய ‘சித்’ ஆய்வையும் கைவிடவில்லை. அது அவர் மறைவுக்குப் பின் 1881இல்தான் அச்சானது. 1851இல் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் அவரை மதிப்பியல் உறுப்பினராக ஏற்றது. ஸ்பெயினுக்குப் பாடம் எடுக்க வரவில்லை என்று சொன்னவரிடமிருந்து ஸ்பெயினே கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

1865 அக்டோபர் 15ஆம் தேதி சந்தியாகோவில் தமது 83ஆம் வயதில் அவர் காலமானார். அப்போதும் அவர் பல்கலைக்கழகத்தின் தலைவர்தான். பின்னர் கொலம்பிய அறிஞர் ரூபினோ ஹொசே குவெர்வோ விரிவான குறிப்புகள் எழுத, பெய்யோவின் இலக்கணம் பல பதிப்புகள் கண்டது. இன்று சிலியின் 20,000 பேசோ பணத்தாளில் அவர் முகம் இருக்கிறது. கராகஸில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009 முதல் வெளிவந்த அரச மொழிக் கழகத்தின் புதிய இலக்கணம், காலங்களின் வழக்கமான பெயர்களோடு பெய்யோ வைத்த பெயர்களையும் சேர்த்தே தருகிறது.

ஸ்பானிய மொழி லத்தீனைப்போல் சிதறவில்லை. ஏறக்குறைய 50 கோடிப் பேர் அதைத் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். மெக்சிகோ மாணவர் எழுதியதைச் சிலி மாணவர் அப்படியே படிக்கிறார். அச்சு, பள்ளி, வானொலி, திரைப்படம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு தனிமனிதரின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புதிய நாடுகளின் வகுப்பறைகளுக்குத் தங்கள் மொழியைத் தாங்களே விளக்கிக்கொள்ளும் ஒரு நூல் கிடைத்தது பெய்யோவால்.

அடுத்த வாரம் தெனேர் வினைக்குத் தேர்வு எழுதப்போகிறவர்கள் முழு அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டாம். தெங்கோ, தியேனெஸ், தூவே, தெந்த்ரே என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் உறவினர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து வெனீர் வினையைத் தொடும்போது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.